376836 பைட்டும் தாத்தாவின் குரலும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வி.சி.ஆர் வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கையில் மூன்று கேசட், ஒரு டிவி கார்டு, ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். "இதென்ன பெரிய வேலையா? ஒரு ராத்திரியில முடிஞ்சிடும் பாட்டி" என்று அவன் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டர் படிக்கிற பையன்கள் எல்லாரும் வீட்டில் சொல்லும் அதே வசனம்தான்!

இது நடந்தது 2007 மே மாதம். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தான். கேசட்டில் இருந்தது 1992-ல் நடந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். தாத்தா 1996-ல் போய்விட்டார். போட்டோ நிறைய இருக்கிறது, ஹாலில் மாலை போட்டு ஒன்று, ஆல்பத்தில் நாற்பது ஐம்பது. ஆனால் அவருடைய குரல் இருப்பது இந்த மூன்று வி.எச்.எஸ் கேசட்டில் மட்டும்தான். வீட்டிலிருந்த பழைய டெக் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. கேசட்டை மட்டும் பாட்டி ஒரு வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தாள்.

வி.சி.ஆர் கொடுத்தவர், அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்த அதே அண்ணன்தான். கடையை காலி செய்கிறார். திங்கட்கிழமை ஒருவர் வந்து சாமானை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்ளப் போகிறார். கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, டேப்புல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கு பாரு. சும்மா சும்மா ஓட்டிப் பார்க்காதே. ஓட்ட ஓட்ட ஹெட்டுல அப்பிக்கும், டேப்பும் வீணாப் போகும். ஒரே தடவை ஓட்டு. ஓடும்போதே பிடிச்சிடு."

ஒரே தடவை. அந்த வார்த்தைதான் அவனுக்கு அந்த மூன்று நாளும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

கார்டின் கதை

கார்டு, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா 2006 டிசம்பரில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. ஹாப்பாக் நிறுவனத்தின் பி.வி.ஆர்-150. சாதாரண டிவி ட்யூனர் கார்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண கார்டு, படத்தை அப்படியே கச்சாவாக கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடும். சுருக்குகிற வேலை முழுக்க ப்ராசஸர் தலையில். பி.வி.ஆர்-150-ல் கோனெக்ஸன்ட்டின் சி.எக்ஸ்23416 என்ற சிப் இருக்கிறது. அதுவே படத்தை எம்பெக்-2 ஆகச் சுருக்கிக் கொடுத்துவிடும். லினக்ஸில் இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். கோப்பைப் படித்துக் காட்டும் 'கேட்' என்ற மூன்றெழுத்துக் கட்டளையை கார்டின் மேல் ஏவி, வருவதை ஒரு கோப்பில் கொட்டினால் போதும். அதுதான் வீடியோ! நொடிக்கு 80 லட்சம் பிட் வேகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. பழைய பென்டியம் மெஷின்கூட மூச்சு வாங்காமல் செய்யும்.

இந்தக் கார்டுக்கான லினக்ஸ் டிரைவரின் பெயர் ஐ.வி.டி.வி. கெவின் தேயர் ஆரம்பித்து, கிறிஸ் கென்னடி வளர்த்து, பிறகு ஹான்ஸ் வெர்குய்ல் பொறுப்பேற்று நடத்திய டிரைவர். அப்போது அது லினக்ஸ் கர்னலுக்குள் இல்லை. வெளியிலிருந்து இறக்கி, நம் கர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டும்.

டிசம்பரில் அவன் இதைச் செய்தும் பார்த்திருந்தான். அப்போது அவன் மெஷினில் இருந்தது 2.6.17 கர்னல். அதற்கு ஐ.வி.டி.வி 0.7. டிவிடி ப்ளேயரின் மஞ்சள் ஒயரைச் செருகினான், படம் வந்தது. "அப்பாடா" என்று மூடி வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

மே மாதம் வந்ததும் முதல் வேலையாக என்ன செய்தான் தெரியுமா? சிஸ்டம் முழுவதையும் அப்டேட் செய்தான். கர்னல் 2.6.20 ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி டிவிடி ப்ளேயரை வைத்து முதல் சோதனை. கார்டு இருக்கிற மாதிரியே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை.

பாட்டி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னடா, தாத்தா வந்துட்டாரா?"

"இதோ பாட்டி, அஞ்சு நிமிஷம்."

முதல் தப்பு: பழையதைத் தூக்கிப் புதியதில் போட்டது

லினக்ஸில் ஒவ்வொரு கர்னலுக்கும் அதன் மாட்யூல்களை வைக்க ஒரு தனி அடைவு உண்டு. அவன் கம்பைல் செய்த ஐ.வி.டி.வி, 2.6.17-ன் அடைவில் பத்திரமாக இருந்தது. புதுக் கர்னலுக்கு அந்த அடைவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சரி, தூக்கி இங்கே போட்டால் ஆச்சு என்று பழைய மாட்யூலை 2.6.20-ன் அடைவில் காப்பி செய்தான். ஏற்றச் சொன்னதும் கர்னல் ஒரே வரியில் மறுத்துவிட்டது: மாட்யூலின் வடிவம் செல்லாது.

ஏன்? ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு முத்திரை இருக்கிறது. 'வெர்மேஜிக்' என்று பெயர். எந்தக் கர்னலுக்காக, எந்த அமைப்போடு கம்பைல் ஆனது என்று அதில் எழுதியிருக்கும். கர்னல் அந்த முத்திரையைத் தன் சொந்தப் பெயரோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடாது. கல்யாண மண்டபத்து வாசலில் வேறு கல்யாணத்துப் பத்திரிகையைக் காட்டிய கதை!

வலுக்கட்டாயமாக ஏற்ற ஒரு வழியும் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு அதையும் முயன்றான். மெஷின் அப்படியே உறைந்து நின்றது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாயிற்று.

இதில் கர்னல் மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை. போல்ட்டுக்கும் நட்டுக்கும் மரை ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே அளவாக இருக்கும். மரை வேறாக இருந்தால் முதல் சுற்று ஏறும், இரண்டாவது சுற்றில் சிக்கும், ஸ்பானர் போட்டு முறுக்கினால் இரண்டும் போச்சு. கர்னலின் உள்ளே இருக்கும் மரை அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, 2.6.19 வரும் வரை ஒவ்வொரு இன்டரப்ட் ஹேண்ட்லரும் மூன்று ஆர்கியுமென்ட் வாங்கிக்கொண்டிருந்தது, 2.6.19-ல் அது இரண்டாகிவிட்டது. வேலைகளைப் பின்னால் தள்ளி வைக்க உதவும் ஒரு மேக்ரோவுக்கு 2.6.20-ல் மூன்று ஆர்கியுமென்ட் இரண்டாகக் குறைந்தது. மூன்று இருக்கும் என்று நினைத்து எழுதிய பழைய மாட்யூல், இரண்டு மட்டும் தருகிற கர்னலுக்குள் ஏறினால் மூன்றாவது இடத்தில் கிடைக்கிற குப்பையைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மெஷின் உறையாமல் என்ன செய்யும்?

சரி, பழைய 0.7 மூலநிரலையே எடுத்து 2.6.20-ல் திரும்பக் கம்பைல் செய்தால்? செய்து பார்த்தான். திரை முழுக்கப் பிழைச்செய்தி. காரணம் அதேதான். மூலநிரலிலேயே பழைய மரை.

இரண்டாம் தப்பு: புரியாமல் புதியதை மேலே கொட்டியது

சனிக்கிழமை காலை. இணையத்தில் தேடியபோது பலரும் சொன்ன ஒரே மருந்து, 'வி.4.எல்-டி.வி.பி' தொகுப்பை இறக்கி நிறுவு என்பது. லினக்ஸில் டிவி, வீடியோ சம்பந்தப்பட்ட எல்லா டிரைவர்களும் அப்போது வளர்ந்துகொண்டிருந்த பொதுக் களஞ்சியம் அது. கர்னலுக்குள் நாளைக்கு வரப்போகிற டிரைவர் இன்றைக்கே அங்கே இருக்கும். 256 கேபிபிஎஸ் இணைப்பில் பொறுமையாக இறக்கினான். கம்பைல் செய்தான். நிறுவினான். பிழையே இல்லை. ஆஹா!

பிறகுதான் ஒரு விஷயத்தைச் சரியாகப் படித்தான். ஐ.வி.டி.வி-யில் எந்தக் கர்னலுக்கு எந்தப் பதிப்பு என்று ஒரு பட்டியலே இருந்தது. 2.6.16-க்கு 0.6. 2.6.17-க்கு 0.7. 2.6.18-க்கு 0.8. 2.6.19-க்கு 0.9. 2.6.20, 2.6.21 இரண்டுக்கும் 0.10. இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. முதல் நாளே படித்திருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி மிச்சமாகியிருக்கும். படிக்கிற பழக்கம் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் வருவதுதான் நம் ஆட்களின் பிரச்சினை :-)

0.10-ஐ இறக்கினான். கம்பைல் சுத்தமாக முடிந்தது. ஏற்றினான்.

இந்தத் தடவை வேறு செய்தி. வீடியோ சாதனங்களைப் பதிவு செய்யும் ஒரு சிம்பலின் பதிப்பில் உடன்பாடு இல்லை என்று கர்னல் சொன்னது. அதே மாதிரி இன்னும் ஏழெட்டு வரிகள்.

கர்னல் சரி. டிரைவர் பதிப்பும் சரி. அப்புறம் ஏன்?

இங்கேதான் அவன் கட்டளைகளைத் தட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். அந்த மூன்று நாளில் அவன் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான். டிவி கார்டு வேலை செய்ய எத்தனை துண்டுகள் சேர வேண்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான்.

கர்னல். அதற்கு மேல், எல்லா வீடியோ கார்டுக்கும் பொதுவான அடிப்படை மாட்யூல். அதன் பக்கத்தில் கார்டின் ட்யூனர், ஒலி, பட டிகோடர் சிப்களுக்கான சின்னச் சின்ன மாட்யூல்கள். அதற்கு மேல் ஐ.வி.டி.வி. கார்டின் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே பயனர் ஓட்டும் கட்டளை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே கேள்வி: இது எங்கிருந்து வந்தது? என்றைக்கு வந்தது?

கர்னல், அப்டேட்டில் வந்தது. ஐ.வி.டி.வி 0.10, அந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகளைப் பார்த்து இன்று கம்பைல் ஆனது. ஆனால் பொது வீடியோ மாட்யூல்? அது கர்னலோடு வந்தது இல்லை! காலையில் நிறுவிய வி.4.எல்-டி.வி.பி தொகுப்பு, கர்னலோடு வந்த மாட்யூலின் மேல் தன் மாட்யூலை எழுதிவிட்டிருந்தது. ஹெடர் கோப்புகள் சொல்வது ஒரு மரை. உள்ளே உண்மையில் உட்கார்ந்திருப்பது வேறு மரை.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாட்யூல் மற்ற மாட்யூல்களுக்குத் தருகிற ஒவ்வொரு சிம்பலுக்கும், அதன் அமைப்பை வைத்து ஒரு சோதனை எண் கணக்கிடப்படுகிறது. அமைப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் எண் மாறிவிடும். ஐ.வி.டி.வி-யிடம் இருந்தது ஹெடரோடு வந்த எண். வீடியோ மாட்யூலிடம் இருந்தது புது எண். கர்னல் இரண்டையும் பார்த்து "உடன்பாடில்லை" என்றது. அது பிழைச்செய்தி மாதிரி தோன்றினாலும், எந்த இரண்டு துண்டுக்குள் சண்டை என்று கையைப் பிடித்துக் காட்டும் செய்தி அது. வெள்ளிக்கிழமையிலிருந்து கர்னல் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவன்தான் காது கொடுக்கவில்லை.

சரி செய்தது

மருந்து புரிந்துவிட்டது. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். கலப்படத்தை எடுத்தால் போதும்.

முதலில், இப்போது ஓடுவது எந்தக் கர்னல் என்று உறுதி செய்துகொண்டான். மாட்யூல் அடைவில் ஐ.வி.டி.வி என்ற பெயரில் எத்தனை கோப்பு இருக்கிறது என்று தேடினான். இரண்டு இருந்தது! வெள்ளிக்கிழமை ராத்திரி காப்பி செய்த பழையதும், இன்று கம்பைல் ஆனதும். இரண்டையும் நீக்கினான். பிறகு கர்னல் பொதியையே மறுபடி நிறுவச் சொன்னான். அந்தப் பொதி ஏற்கனவே டிஸ்கில் இருந்ததால் இறக்க வேண்டியிருக்கவில்லை. இதனால் காலையில் மேலே எழுதப்பட்ட வீடியோ மாட்யூல்கள் எல்லாம் கர்னலோடு வந்த சொந்த மாட்யூல்களாகத் திரும்பின. மாட்யூல்களின் பட்டியலைப் புதிதாகக் கணக்கிடச் சொன்னான். ரீபூட். இந்த ரீபூட் முக்கியம். டிஸ்கில் மாட்யூலை மாற்றினாலும் நினைவகத்தில் ஏற்கனவே ஏறியிருப்பது பழையதுதான். பலர் தடுக்கி விழும் இடம் இது.

அதற்கப்புறம் 0.10-ஐ முதலிலிருந்து சுத்தமாகக் கம்பைல் செய்து நிறுவினான். ஏற்றினான்.

ஏறியது! ஒரு எதிர்ப்பும் இல்லை. கார்டின் பெயரைக்கூடக் கர்னல் சரியாகச் சொன்னது. நாற்காலியிலிருந்து குதித்தே விட்டான்.

அடுத்த வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தான். ஃபர்ம்வேர் கோப்பைத் திறக்க முடியவில்லை, அது 376836 பைட் இருந்தாக வேண்டும் என்றது கர்னல்.

அவனிடம் டிசம்பரில் எங்கிருந்தோ எடுத்து வைத்த ஃபர்ம்வேர் இருந்தது. அளவு பார்த்தான். 262144 பைட். பழைய ஃபர்ம்வேர். சிப்புக்குள் ஓடும் சின்ன நிரல்தான் ஃபர்ம்வேர். டிரைவர் அதனிடம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் பேசும். டிரைவர் புதிது, ஃபர்ம்வேர் பழையது என்றால் ஒருவர் தமிழ் பேச இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்வது போலத்தான். எப்படியோ ஓடட்டும் என்று விடாமல், அளவு பார்த்தே டிரைவர் தடுத்துவிட்டது. நல்ல காரியம்.

இந்தத் தடவை அவன் பதறவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஃபர்ம்வேர் என்ற வரிக்கு எதிரே பதில் எழுதாமல் விட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. சரியான கோப்பை இறக்கினான். அளவை எண்ணிப் பார்த்தான். மூன்று, ஏழு, ஆறு, எட்டு, மூன்று, ஆறு. ஃபர்ம்வேர் அடைவில் போட்டான்.

டிவிடி ப்ளேயரை ஓட்டினான். படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே!

இது டிரைவர் கோளாறு கிடையாது. கார்டு அமெரிக்காவில் வாங்கியது. அங்கே என்.டி.எஸ்.சி முறை, ஒரு பிரேமுக்கு 525 கோடு, நொடிக்குச் சுமார் 30 பிரேம். இந்தியாவில் பால் முறை, 625 கோடு, நொடிக்கு 25 பிரேம். டிரைவர் கார்டைப் பார்த்து என்.டி.எஸ்.சி என்று முடிவு செய்துகொண்டது. கார்டில் உள்ள ட்யூனர்தான் அமெரிக்காவுக்கானது. மஞ்சள் ஒயரில் வருவதைப் பிரிக்கிற டிகோடர் சிப்புக்கு இரண்டு முறையும் தெரியும். பால் என்று ஒரு கட்டளை, இன்புட்டை கம்போசிட்டுக்கு மாற்ற ஒரு கட்டளை. உருளுவது நின்றது. கலர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரை மணி. பாட்டி தூங்கப் போயிருந்தாள்.

ஒரே தடவை

அவன் உடனே கேசட்டைப் போடவில்லை. டிவிடி ப்ளேயரிலிருந்து அரை மணி நேரம் பதிவு செய்து, ஒலியும் படமும் சேர்ந்து வருகிறதா, நடுவில் எங்காவது விடுபடுகிறதா என்று முழுக்க உட்கார்ந்து பார்த்தான். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தான். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்குப் பதினொரு ஜிபி, மூன்றுக்கும் சேர்த்து முப்பத்து மூன்று. கொஞ்சம் பழைய படங்களை அழித்தான். தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைத்தான். அதை மட்டும் மறக்கவே இல்லை.

காலை ஏழு மணிக்கு முதல் கேசட்டைச் செருகி, பதிவை ஆரம்பித்துவிட்டு, ப்ளே பட்டனை அழுத்தினான்.

பூஞ்சை பிடித்த கேசட்டைக் கடைசியாகத்தான் ஓட்டினான். படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடின. ஓரிடத்தில் படம் பாதி நொடி கிழிந்தது மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆனால் நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்றும் முடிந்தது. எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கிலும் காப்பி எடுத்துவிட்டுத்தான் கூப்பிட்டான்.

"பாட்டி, வந்துட்டார்."

பாட்டிக்கு அப்போதே கண் சரியாகத் தெரியாது. கண்புரை. திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நாதஸ்வரம், கூட்டம், யார் யாரோ. தலையில் தண்ணீர் ஊற்றும்போது தாத்தா வீடியோ எடுக்கிறவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "போதும்ப்பா லைட்டு, கண்ணு கூசுது" என்கிறார். கல்யாண வீடியோ எடுத்த எல்லார் வீட்டிலும் யாராவது சொல்லியிருக்கும் சாதாரண வாக்கியம்.

பாட்டி அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும். இன்னொரு தடவையும். கோப்பாகிவிட்ட பிறகு எத்தனை தடவை ஓட்டினாலும் தேயாதே! அவன் போட்டுக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலை வி.சி.ஆர் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு

அதே 2007 ஜூலையில் 2.6.22 கர்னல் வந்தது. அதில் ஐ.வி.டி.வி முதல் முறையாகக் கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. வருடக் கடைசியில் அவன் மறுபடி அப்டேட் செய்தபோது, நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயந்துகொண்டேதான் ரீபூட் செய்தான். கார்டு பேசாமல் வேலை செய்தது. எதையும் இறக்கவில்லை, எதையும் கம்பைல் செய்யவில்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு கர்னலின் ஆவணங்களிலேயே கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஒரு விளக்கம் இருக்கிறது. கர்னலுக்கும் அதன் மேல் ஓடும் மென்பொருளுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் மாறாது. ஆனால் கர்னலின் உள்ளே இருக்கும் ஏற்பாடுகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நல்லதாக ஒன்று தோன்றினால் மாற்றத்தான் செய்வார்கள். மாற்றுகிறவரே, கர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவர்? அதை எழுதியவர் ஓடிப்பிடிக்க வேண்டியதுதான். 2006 ஜூனில் வந்த 2.6.17-லிருந்து 2007 ஜூலையில் வந்த 2.6.22 வரை பதின்மூன்று மாதத்தில் ஆறு கர்னல். அத்தனைக்கும் ஈடுகொடுத்து ஐ.வி.டி.வி-க்காரர்கள் தனித்தனிப் பதிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், சம்பளம் எதிர்பார்க்காமல். அந்தப் பட்டியலின் அருமை அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

வீட்டோடு இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு தானாகக் கிடைக்கும் என்பார்களே, அதுதான். இதைவிடப் பழைய டிவி கார்டுகளில் இருந்த பி.டி.848 சிப்புக்கான டிரைவரும் கர்னலுக்குள்தான் இருக்கிறது. 2023-ல் கர்னலின் பழைய வீடியோ பஃபர் அமைப்பை நீக்க வேண்டி வந்தபோது, அந்த டிரைவரையும் புதிய அமைப்புக்கு மாற்றி எழுதிக் காப்பாற்றினார்கள். தொண்ணூறுகளில் விற்ற கார்டுக்கு!

பி.வி.ஆர்-150 இப்போது அவன் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கிறது. புது மதர்போர்டுகளில் அதைச் செருகப் பழைய பி.சி.ஐ ஸ்லாட் இல்லை. பெட்டியில் கார்டோடு அந்த நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 376836 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான்.

வீட்டில் இன்னும் கேசட் வைத்திருப்பவர்கள் இருந்தால், ஒரு விஷயம். பூஞ்சை லீவு போடாது. கார்டோ, யு.எஸ்.பி கருவியோ, தெரிந்த கடையோ, எதுவானாலும் இந்த வருடமே பிடித்துவிடுங்கள். டிரைவர் தகராறு செய்தால் உடனே இணையத்தில் கிடைத்ததை எல்லாம் இறக்கி மேலே கொட்டாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பாதி பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.